கார்டில் எழுதிய எடை

திருவொற்றியூர்,
9 ஜூன் 2025, திங்கள் இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

யசோதரா எழுதுகிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்ளும் அந்த வீட்டுப் பெரியம்மா இரவில் தூங்குகிறார்களா, உன்னைத் தூங்க விடுகிறார்களா? கோயம்புத்தூரில் குளிர் என்று சொன்னாய். ஸ்வெட்டர் வாங்கிக்கொள்.

வாரம் இரண்டு தடவை போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். எனக்குப் போன் கிடையாது. இந்த வீடு ஒரே அறை. நீ கூப்பிட்டால் அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். அதனால் அவள் தூங்கிய பிறகு, குளியலறையில் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலை இந்த முகவரிக்கு அனுப்பாதே. தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் இசக்கியம்மாள் அக்காவின் கடைக்கு அனுப்பு. அவர்களிடம் கேட்டேன். "ஏ புள்ள, இந்தக் காலத்துல லெட்டரா? எவன்ட்டி அவன்?" என்றார்கள். எங்க அம்மா என்றதும் சிரித்துவிட்டு, சரி, வாங்கி வைக்கிறேன் என்றார்கள்.

விஷயம் இதுதான். செங்கொடி அக்காவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. நீ அவளுடைய ரீல்ஸ் எல்லாம் பார்க்கிறாய் என்று தெரியும். "மசக்கைக்காரி தட்டு" என்று தினமும் மீன் குழம்பு, முட்டை, கீரை எல்லாம் வைத்து வீடியோ போடுகிறாள். அதில் இரண்டு வாய்தான் அவளுடையது. தட்டு எப்படியோ காலியாகிவிடும். நீ நம்பும்படி எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

உன் மருமகன் வல்லரசு மாமா டிரெய்லர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போனால் மூன்று நாள், நான்கு நாள் ஆகிறது. வரும்போது அவர் பார்ப்பதும் அந்த வீடியோவைத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மகள்,
யசோ


கோயம்புத்தூர்,
18 ஜூன் 2025

அன்பு மகள் யசோவுக்கு ஜெய்பீம்.

உன் கையெழுத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆனதுபோல் இருந்தது. என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை, மாடிப்படி ஏறினால்தான் பேசும். பெரியம்மா படுத்தபடியேதான் இருக்கிறார்கள்.

நீ பயப்படாதே கண்ணு. முதல் பிள்ளைக்கு எல்லாருக்கும் சோறு இறங்காது. உன் அக்காவைச் சுமந்தபோது எனக்கு ஆறு மாதம் வரை வாந்திதான். அவள் முகம் வீடியோவில் எவ்வளவு களையாக இருக்கிறது! இந்த வீட்டு மருமகள்கூடப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணா? அஞ்சு மாசம்னு சொல்லவே முடியலயே, வயிறு மட்டும் அழகா தெரியுது" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நம் வீட்டுப் பெண்ணை ஊரே பார்க்கிறது.

உனக்கு மனசு அடங்கவில்லை என்றால் ஒன்று செய். சுகாதார நிலையத்தில் அவளுக்கு ஒரு கார்டு கொடுத்திருப்பார்கள். மாதா மாதம் எடை பார்த்து எழுதுவார்கள். அதைப் பார்த்து எனக்கு எழுது. எடை ஏறினால் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

நீ பதினொன்றாம் வகுப்பு. படிப்பைப் பார். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அம்மா


திருவொற்றியூர்,
27 ஜூன் 2025, இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் குரல் கேட்டதுபோல் இருந்தது. நீ மாடிப்படி ஏறாதே.

நீ கேட்டதை எழுதுகிறேன். கார்டில் மே மாதம் ஐம்பது கிலோ. ஜூன் ஐம்பத்தொன்று. ஜூலைக்கு இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

கார்டில் இருப்பது அவ்வளவுதான். ஆனால் அம்மா, அவள் தலை வாரினால் சீப்பு நிறைய முடி வருகிறது. நேற்றுப் படியில் ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னாக்கா?" என்று கேட்டேன். "ஒண்ணியும் இல்ல, மணலி கம்பெனி நாத்தம், தலை சுத்துது" என்றாள். நேற்று காற்று கடல் பக்கமிருந்துதான் வந்தது.

எப்போது தொடங்கியது என்றும் சொல்கிறேன். நான்காம் மாதத்தில் ஒரு வீடியோ போட்டாள். அதன் கீழே யாரோ ஒருவன், "புள்ள எங்க கீது, மூஞ்சிலயா?" என்று எழுதியிருந்தான். நிறையப் பேர் சிரித்து வைத்திருந்தார்கள். அன்றிரவு அவள் கண்ணாடி முன்னால் கன்னத்தை உள்ளே இழுத்து இழுத்துப் பார்த்தாள். அடுத்த நாளிலிருந்துதான் இது. இப்போது கீழே எழுதுகிறவர்கள், "பின்னாடி இருந்து பாத்தா கல்யாணம் ஆகாத பொண்ணு கணக்கா கீற" என்கிறார்கள். அதை எனக்குப் படித்துக் காட்டுகிறாள். ஒரு துணிக்கடைக்காரர் கர்ப்பிணி உடை என்று மூன்று அனுப்பியிருக்கிறார். மூன்றும் சின்ன அளவு.

என் பள்ளிக்கூடச் சுடிதார் இறுக்கமாகிவிட்டது. தையலைப் பிரித்துவிட்டுக்கொண்டேன். நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன்.

யசோ


கோயம்புத்தூர்,
8 ஜூலை 2025

யசோவுக்கு,

நலம். நேற்று செங்கொடியோடு பேசினேன். நீ எழுதியதைச் சொல்லவில்லை. செக்கப்புக்குப் போனாயா, எடை எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். கார்டையே படம் பிடித்து அனுப்பினாள். ஐம்பத்து மூன்று. ஒரே மாதத்தில் இரண்டு கிலோ. "நர்ஸம்மாவே கை தட்டுச்சும்மா" என்று சிரித்தாள்.

சாப்பிடாதவளுக்கு எப்படி யசோ எடை ஏறும்? காற்றைக் குடித்தா?

உன் அப்பா போன பிறகு நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தபோது உன்னை ஹாஸ்டலில் சேர்க்க இருந்தேன். "என் தங்கச்சி எங்கூடத்தான் இருப்பா" என்று சொன்னவள் அவள். அவளை நாலு பேர் பாராட்டினால் உனக்கு ஏன் கசக்கிறது? அவள் ஒல்லி, நீ சதை போட்டுவிட்டாய் என்பதா? அந்த வயசில் எனக்கும் அப்படி இருந்தது. அதற்காக இப்படியெல்லாம் எழுதக் கூடாது. பெற்றவள் தூரத்தில் இருக்கிறாள் என்ற இரக்கம் வேண்டும்.

ஆவணி பிறந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. இரண்டு நாள் லீவு சொல்லியிருக்கிறேன். அப்போது நேரில் பேசிக்கொள்ளலாம்.

அம்மா


திருவொற்றியூர்,
10 ஆகஸ்ட் 2025, இரவு

அம்மா,

நீ நலமா? ஒரு மாதமாகக் கடிதம் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். இன்றைக்குக் கிழிக்க மாட்டேன்.

அந்தத் தட்டைக் காலி செய்வது நான். முதல் வீடியோவிலிருந்தே நான்தான். அவள் இரண்டு வாய் தின்பாள், போனை நிறுத்துவாள். "துன்னுடி சீக்கிரம். காலித் தட்டு ஷாட்டு வோணும், வெளிச்சம் பூடும்" என்பாள். நான் தின்பேன். பிறகு அவள் காலித் தட்டோடு வயிற்றைத் தடவிக்கொண்டு சிரிப்பாள். சுகாதார நிலையத்தில் அவளுக்குக் கொடுத்த சத்துமாவு, பேரீச்சம்பழம் எல்லாம் தின்றதும் நான்தான். அங்கன்வாடி டீச்சர் வந்து டப்பாவைத் திறந்து பார்த்து, "சமத்து, எல்லாம் துன்னுட்டா" என்றார்கள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பிடித்தும் இருந்தது அம்மா. வஞ்சிரம் எல்லாம் நம் வீட்டில் எப்போது செய்தோம்?

கார்டு விஷயத்தைச் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நாள். கட்டிலுக்கு அடியில் மாமா ஒரு சாக்கில் டிரெய்லரின் பழைய வீல் நட்டுகளைப் போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் கால் கிலோவுக்கு வரும். ஜூன் மாதச் செக்கப்புக்கு முதல் நாள் அக்கா அதில் நான்கை எடுத்துக் கழுவி என்னிடம் கொடுத்தாள். "உள்பாவாடைல பை மாதிரி வெச்சுத் தை. சத்தம் கேக்காத மாதிரி துணி சுத்து. நீதான் ஸ்கூல்ல தையல்ல ஃபர்ஸ்டாச்சே" என்றாள். விளையாட்டு மாதிரிதான் சொன்னாள். எடை ஏறவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள், குளுக்கோஸ் ஏற்றி ஊதிப்போக வைத்துவிடுவார்கள் என்றாள். தைத்தேன்.

ஜூலையில் பன்னிரண்டு. போன செவ்வாய்க்கிழமை இருபது. கார்டில் இப்போது ஐம்பத்து நான்கு என்று இருக்கிறது. அதில் ஐந்து கிலோ இரும்பு. அவள் நடக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நர்ஸம்மா அதைப் பார்த்துவிட்டு, "பாரமாக் கீதா? புள்ள நல்லா வளருது" என்றார்கள். பிறகு டேப்பால் அளந்து, வயிறு மாதத்துக்கு ஏற்ற மாதிரி இல்லையே, ஸ்கேன் எடு என்று சீட்டும் கொடுத்தார்கள். அக்கா அந்தச் சீட்டைப் பஸ்ஸிலேயே போட்டுவிட்டாள்.

நீ கேட்ட எடையை நான் எழுதி அனுப்பினேனே, அதிலும் ஒரு கிலோ நான் தைத்து வைத்த இரும்புதான்.

யாரிடம் சொல்வது? மாமாவிடம் சொன்னால் அவளை அடிப்பாரோ, என்னைத் துரத்துவாரோ தெரியவில்லை. நர்ஸம்மாவிடம் சொன்னால் என்னைப் போலீஸில் பிடித்துக் கொடுப்பார்களா? நேற்று வயிற்றில் கை வைத்துப் பார்க்கச் சொன்னாள். குழந்தை உதைத்தது. பூனைக்குட்டி துணிக்குள் புரள்வது மாதிரி, அவ்வளவு மெதுவாக.

வா அம்மா.

யசோ


கோயம்புத்தூர்,
14 ஆகஸ்ட் 2025

யசோ கண்ணு,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை. உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பெரியம்மாவின் கஞ்சி அடிப்பிடித்துப் போனதுகூடத் தெரியவில்லை.

நான் உன்னைத் திட்டியதை மறந்துவிடு.

மருமகனைப் போனில் கூப்பிட்டேன். லோடோடு ஆந்திராவில் இருக்கிறார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், செங்கொடி சரியாகச் சாப்பிடுகிறாளா என்றேன். "இன்னா அத்த, நீ வீடியோ பாக்கலியா? முழு ஆட்டயே துன்றா" என்று சிரித்தார். பார்த்து ஓட்டுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இங்கே மாற்றுக்கு ஆள் சனிக்கிழமைதான் வருகிறாள். இரவு ரயில் ஏறி ஞாயிறு பகலுக்குள் வந்துவிடுவேன். அதுவரை காத்திருக்காதே. இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே நர்ஸம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல். எந்தப் போலீஸும் வராது. அம்மா சொல்லச் சொன்னாள் என்று சொல். ஒரு நாள்கூடத் தள்ளாதே.

அம்மா


திருவொற்றியூர்,
21 ஆகஸ்ட் 2025

அம்மா,

வார்டில் உனக்குப் படுக்க இடம் கொடுத்தார்களா? முழங்காலோடு தரையில் படுக்காதே. ஆஸ்பத்திரியில் ஒருவருக்குத்தான் அனுமதி என்பதால் சாப்பாட்டுப் பையில் இந்தக் கடிதத்தை வைத்து மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் படிக்க மாட்டார். இரண்டு நாளாக அவர் எதையும் பார்ப்பதில்லை.

நீ பதினான்காம் தேதி எழுதியது இன்றைக்குத்தான் என் கைக்கு வந்தது. இசக்கியம்மாள் அக்கா கோயில் ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். பத்து நாளாகக் கடைக்குப் பூட்டு. போஸ்ட்மேன் ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். இன்று காலை திறந்ததும், "ஏ புள்ள, உங்கம்மை லெட்டரு" என்று தூசியைத் தட்டிக் கொடுத்தார்கள். "ஒரு நாள்கூடத் தள்ளாதே" என்று நீ எழுதியதை ஏழு நாள் கழித்துக் கடை வாசலில் நின்று படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வருவதற்கு முன்னால் நடந்ததை யாரும் உனக்குச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நல்ல நேரம் போய்விடும் என்று காலை ஒன்பது மணிக்கே அக்காவை வளைகாப்பு மணையில் உட்கார வைத்தார்கள். ஐந்து வகைச் சோறு. பக்கத்து வீட்டு ரமாபாய் அக்கா போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், லைவ். அக்கா இரண்டு நாளாகத் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை, லைவில் முகம் உப்பித் தெரியக் கூடாதென்று. முதல் வளையல் போடும்போதே அவள் கை குளிர்ந்து கிடந்தது. சிரித்துக்கொண்டேதான் சாய்ந்தாள். எல்லாரும் வெட்கப்படுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார்கள். மணையில் ரத்தத்தைப் பார்த்தது நான்தான் முதலில். ரமாபாய் அக்கா கத்திக்கொண்டே ஓடி வந்தார்கள். போனை நிறுத்த அவர்களுக்குத் தோன்றவில்லை. அது தரையில் கிடந்து எங்கள் கால்களைக் காட்டிக்கொண்டிருந்தது.

குழந்தை ஆயிரத்து எண்பது கிராம் என்று மாமா சொன்னார். பெண் குழந்தை. ஒரு பாக்கெட் உப்பை விடக் கொஞ்சம் அதிகம். உயிரோடு இருக்கிறதா? இப்போது, நீ இதைப் படிக்கும்போது, இருக்கிறதா?

யசோ


ஆஸ்பத்திரி,
25 ஆகஸ்ட் 2025

யசோவுக்கு,

குழந்தை இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில், மூக்கில் குழாயோடு இருக்கிறது. நம் உள்ளங்கை நீளம்தான் அதன் முதுகு. நான் தரையில் படுக்கவில்லை, ஒரு பெஞ்ச் கிடைத்தது.

உன் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். பிரசவமான மறுநாள் இங்கே எடை பார்த்தார்கள். நாற்பத்து நான்கு. டாக்டரம்மா கார்டைப் புரட்டிவிட்டு, "இதுல ஐம்பத்து நாலுன்னு இருக்கு. பதினஞ்சு நாள்ல பத்து கிலோ எங்க போச்சு?" என்று கேட்டார். செங்கொடி என்னைப் பார்த்தாள். அந்த மெஷின் ரிப்பேருங்க என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து காசநோயா, தைராய்டா என்று தேடுகிறார்கள். ஐந்து குப்பி ரத்தம் எடுத்தார்கள்.

நீயும் சொல்லாதே. நான் எழுதியது அப்போது. இப்போது பிள்ளை பிறந்துவிட்டது. தெரிந்தால் மருமகன் என்ன செய்வாரோ. பெற்றவளே தன் பிள்ளையைப் பட்டினி போட்டாள் என்று ஊர் பேசும். மெல்ல மெல்ல நானே ஊட்டிச் சரி செய்துவிடுவேன்.

நேற்று ஒரு வழி கிடைத்தது. காலையிலிருந்து எதையும் தொடவில்லை. போனை மட்டும் கேட்டாள். முகம் கழுவி, பவுடர் போட்டு, ஜன்னல் பக்கம் நின்றாள். "எடும்மா. டெலிவரி ஆயி ஏழே நாளு, வயிறு எப்டி உள்ள போச்சுன்னு போடணும்." குழந்தை மேல்மாடியில் பெட்டிக்குள் கிடக்கிறது. ஆனாலும் சொன்னேன், ஒரு டம்ளர் பால் குடி, எடுக்கிறேன் என்று. நான்கு தடவை எடுக்கச் சொன்னாள். படம் சரியாக வந்திருக்கிறதா என்று நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது டம்ளர் காலியாக இருந்தது. ஒரு வாரத்தில் முதல் டம்ளர் பால்.

இன்று காலைக்குள் அறுபதாயிரம் பேர் பார்த்துவிட்டார்களாம். நான் எடுத்தது.

சாப்பாட்டில் காரம் குறைத்து அனுப்பு.

அம்மா


திருவொற்றியூர்,
26 ஆகஸ்ட் 2025, இரவு

அம்மா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நீ சாப்பிடுகிறாயா?

அவள் குடித்ததை நீ பார்த்தாயா? டம்ளர் காலியாக இருந்தால் அவள் குடித்தாள் என்று அர்த்தம் இல்லை. எனக்குத் தெரியும். மாதக்கணக்கில் காலித் தட்டு செய்து கொடுத்தவள் நான். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்.

இன்று மாலை மாமாவிடம் சொல்லிவிட்டேன். சாக்கை இழுத்துப் போட்டு, நட்டுகளைக் காட்டி, உள்பாவாடையையும் காட்டினேன். அவர் அடிக்கவில்லை. படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். அவருடைய கிளீனர் கூப்பிட்டும் போகவில்லை. "எல்லா வீடியோக்கும் நாந்தான் யசோ மொத லைக்கு போடுவேன். லாரில எல்லாருக்கும் காட்டுவேன். சிக்குன்னு கீறான்னு" என்றார். பிறகு அழுதார்.

நாளைக்குப் பார்வையாளர் நேரத்தில் மாமாவின் அனுமதிச் சீட்டில் நான் வருகிறேன். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் நானே சொல்வேன். நீ பேச வேண்டாம். ஆனால் என் கையைப் பிடித்து நிறுத்தாதே. அவளுக்கு இல்லாத வியாதியைத் தேடி ரத்தம் எடுக்கிறார்கள், இருக்கிற வியாதியை நாம் ஒளித்து வைத்திருக்கிறோம். அவள் என்னோடு இனிமேல் பேசாவிட்டாலும் பரவாயில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனாலும் வருகிறேன்.

யசோ


ஆஸ்பத்திரி,
31 ஆகஸ்ட் 2025

அன்பு மகள் யசோவுக்கு,

நீ வந்து போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம், குழந்தை இன்னும் பெட்டியில்தான். நீ எப்படி இருக்கிறாய்? ராத்திரி தூங்குகிறாயா?

டாக்டரம்மா உன்னைப் பற்றிக் கேட்டார். பதினோராம் வகுப்பு என்றேன். கார்டை மூடி வைத்துவிட்டு, "கார்டை நாங்க நம்பினோம். வயித்த அளந்தவங்களும் நம்பினாங்க" என்றார். இது திமிர் இல்லை, வியாதி, மருந்தும் பேச்சும் வேண்டும், நாளாகும் என்றார். மனநல டாக்டர் ஒருவர் தினமும் வருகிறார். போனை மருமகனிடம் கொடுத்துவிட்டார்கள். முதல் நாள் செங்கொடி போட்ட கூச்சலில் வார்டே எழுந்து நின்றது. "அம்மாவும் கூட்டு, தங்கச்சியும் கூட்டு, எல்லாம் சேந்து என்னைப் பைத்தியமாக்கிட்டீங்க" என்றாள். உன் பெயரைச் சொன்னால் சுவர் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அதை மறைத்து எழுத மாட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். கீழே சன்ஷேடில் பால் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

இங்கே இப்போது ஒரு நர்ஸ் அவள் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சாப்பாட்டு நேரம் முடியும்வரை எழுந்திருப்பதில்லை. எனக்கு ஊட்ட அனுமதி இல்லை, நான் வாசலில்தான் நிற்க வேண்டும். இன்று காலை இரண்டு இட்லி வைத்தார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. அழுதுகொண்டே பிட்டுப் பிட்டுப் போட்டுக்கொண்டாள். மீதியைத் தட்டோடு எடுத்துக்கொண்டு வந்த நர்ஸ், சார்ட்டில் "சாப்பிட்டது அரை இட்லி" என்று எழுதியதை எட்டிப் பார்த்தேன்.

அரைதான். நான் கண்ணால் பார்த்தேன்.

அம்மா